திருமண நாள் விருந்தில் முதியோர் இல்லத்துக்கு நிதி திரட்டலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் தம்பதிக்கு அடுத்த மாதம் 25ஆவது திருமண நாள். மண்டபம் எல்லாம் பிடிக்காமல் உறவு, நட்பு, அக்கம்பக்கம் என்று நாற்பது பேரை வீட்டுக்கே அழைத்துச் சாப்பாடு போட்டு, பரிசுப் பொருளுக்குப் பதிலாகப் பக்கத்தில் உள்ள முதியோர் இல்லம் ஒன்றுக்கு நிதி திரட்ட நினைக்கிறார்கள். "வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டுக் காசு கேட்பதா என்று கூச்சமாக இருக்கிறது. எவ்வளவு கேட்பது? பணத்தை எப்படி வாங்குவது? வரி, சட்டம் என்று ஏதாவது சிக்கல் வருமா?" என்று கேட்டிருக்கிறார் அந்த அம்மா.

தாராளமாகச் செய்யுங்கள். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சில சிறிய அறக்கட்டளைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்து வருகிறேன். இப்படிப்பட்ட வீட்டு விருந்துகளில் சேரும் பணம் இல்லத்துக்கு எப்படி வந்து சேர்கிறது, எங்கே சிக்கிக்கொள்கிறது என்பதையெல்லாம் கணக்கு நோட்டில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். விருந்து வைப்பது சுலபம். என்ன தேவை என்று இல்லத்தாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும், பணம் உங்கள் கைக்கு வராமல், கொடுத்தவர் பெயரோடு நேராக இல்லத்தின் கணக்குக்குப் போவதும்தான் முக்கியம். இந்த இரண்டில் கவனமாக இருந்தால் மீதியில் பெரிய தவறு நடக்காது.

முதலில் கூச்சத்தைப் பார்ப்போம். சாப்பாடு போட்டுப் பணம் வாங்குவது நமக்குப் புதிதே இல்லை. புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், பேராவூரணி பக்கம் ஆடியும் ஆவணியும் வந்தால் மொய் விருந்து களைகட்டும். பலர் செலவைப் பகிர்ந்துகொண்டு ஒரே பந்தலில் விருந்து வைப்பார்கள். கறிக்குழம்போடு சாப்பாடு. சாப்பிட்டு வெளியே வந்தால், விருந்துக்காரர் ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனி மேசை இருக்கும். நோட்டில் எழுதுகிறவர் ஒருவர், பணத்தை எண்ணிப் போடுகிறவர் ஒருவர். ஊர், பெயர், தொகை என்று வரிசையாக ஏறிக்கொண்டே போகும். வட்டியில்லாமல் மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும் வழி அது. அதை வைத்துக் கிணறு வெட்டியவர்களும், கடை போட்டவர்களும், பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்தவர்களும் அந்தப் பக்கம் உண்டு. 2022இல் இலங்கையில் பொருளாதார நெருக்கடி முற்றியபோது புதுக்கோட்டை மாவட்டத்து டீக்கடைக்காரர் ஒருவர் இதே முறையைக் கையில் எடுத்தார். வந்தவர்களுக்கு டீ கொடுத்து, காசை மொய்யாகப் போடச் சொல்லி, சேர்ந்த பணத்தை அங்குள்ள மக்களுக்கான உதவியாக்கினார். யாரும் அதைப் பிச்சை என்று நினைக்கவில்லை. ஊருக்குத் தெரிந்த ஒரு பழக்கத்தைப் பொதுக் காரியத்துக்குத் திருப்பிவிட்டார், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு வித்தியாசத்தை நீங்கள் வாய்விட்டே சொல்லிவிட வேண்டும். மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். வாங்கியவர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, மேலே கொஞ்சம் சேர்த்து, கொடுத்தவர் வீட்டு விசேஷத்தில் செய்தாக வேண்டும். உங்கள் விருந்தில் ஐயாயிரம் கொடுக்கும் சித்தப்பா அதை உங்களுக்குச் செய்த மொய்யாக மனதில் குறித்துக்கொண்டால், நாளைக்கு அவர் வீட்டுக் கல்யாணத்தில் மனஸ்தாபம் வரும். அதனால் அழைப்பிலேயே போட்டுவிடுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "எங்கள் 25ஆவது திருமண நாளுக்கு வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள். பரிசு எதுவும் வேண்டாம். விருப்பம் இருந்தால், நம் பக்கத்துத் தெரு முதியோர் இல்லத்தில் இரவில் பார்த்துக்கொள்ளும் ஆயாவின் மூன்று மாதச் சம்பளத்துக்கு உங்களால் முடிந்ததைக் கொடுக்கலாம். இல்லத்தின் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வருவார். இது எங்களுக்குச் செய்யும் மொய் இல்லை. கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சாப்பிட வந்துவிட வேண்டும்." இதை வாட்ஸ்அப் குழுவில் ஒரு முறை போட்டால் போதும். தனித்தனியாகப் போன் செய்து நினைவூட்டக் கூடாது. சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதற்கு மட்டும் போன் செய்யுங்கள்.

மேலே ஆயா சம்பளம் என்று சும்மா எழுதவில்லை. எந்த முதியோர் இல்லத்தின் அலுவலக அறைக்குப் போனாலும் சுவரில் ஒரு மாத நாட்காட்டி தொங்கும். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே பேனாவில் பெயர்கள்: இன்னார் பிறந்தநாள் மதிய உணவு, இன்னார் அப்பா திதி காலைச் சிற்றுண்டி. ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களில் இரண்டு மூன்று பெயர்களை நெருக்கி எழுதியிருப்பார்கள். ஒரே நாளில் பாயசம், கேசரி, குலாப்ஜாமுன் என்று வந்து, சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் தவிக்கும் இல்லங்களைப் பார்த்திருக்கிறேன். சாப்பாடு போடுவது நம் ரத்தத்தில் இருக்கிறது. அதற்கு ஆள் கிடைத்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் கரண்ட் பில்லுக்கு யாரும் பெயர் எழுத மாட்டார்கள். படுக்கையிலேயே இருக்கும் ஒருவருக்கு நாளைக்கு மூன்று, நான்கு டயாப்பர் ஆகும். மாதத்துக்கு ஏறக்குறைய நூறு. அப்படி ஐந்து பேர் இருந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாகச் சம்பளம். இரவு இரண்டு மணிக்கு எழுந்து ஈரத்துணி மாற்றிவிடும் பெண்ணுக்கு ஒன்றாம் தேதி சம்பளம் கொடுக்க முடியாமல் போனால் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். புதிதாக ஆள் கிடைத்து, அவர் அந்தப் பெரியவர்களோடு பழகி எடுப்பதற்குள் எத்தனையோ பேருக்குப் படுக்கைப்புண் வந்துவிடுகிறது. நன்கொடைகளிலேயே எனக்கு மிகவும் மதிப்பானதாகத் தெரிவது சம்பளத்துக்கென்று வரும் பணம்தான். இதைச் சொல்லும்போதெல்லாம் "சம்பளத்துக்கா?" என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். பெரியவர்களைத் தூக்கி உட்கார வைக்கும் கைகளுக்குக் கூலி கொடுப்பதை விட நல்ல தருமம் எது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே, அழைப்பு அனுப்புவதற்கு முன்னால் கணவரோடு ஒரு வேலை நாளில் அந்த இல்லத்துக்குப் போங்கள். ஞாயிறு வேண்டாம், அன்று கூட்டமாக இருக்கும். "எங்களால் முப்பதாயிரம் அளவுக்குத் திரட்ட முடியலாம். எதற்குத் தேவை?" என்று நேராகக் கேளுங்கள். நீங்கள் மிக்ஸி வாங்கிக் கொடுக்க நினைத்திருப்பீர்கள். அவர்களிடம் ஏற்கெனவே நாலு மிக்ஸி இருக்கும்.

போன கையோடு பார்த்துக்கொள்ள வேண்டியவை சில. முதியோர் இல்லம் என்றால் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொன்னால் நல்ல இல்லத்தார் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பெரும்பாலும் அலுவலகச் சுவரிலேயே மாட்டியிருப்பார்கள். குழந்தைகள் இல்லமாக இருந்தால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி பதிவு வேண்டும். அறக்கட்டளையின் பான் எண், வருமான வரித் துறையின் 12ஏ (இல்லத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (கொடுப்பவருக்கு வரிச் சலுகை) பதிவு உத்தரவுகள், கடைசியாகத் தணிக்கை செய்த கணக்கு ஆகியவற்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். 80ஜி இல்லாத சிறிய இல்லமென்றால் கொடுக்கக் கூடாது என்றில்லை. நேர்மையாக நடக்கும் பல சின்ன இல்லங்கள் காகித வேலைக்கு ஆளில்லாமல் அதைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கும். ஆனால் பதிவே இல்லாமல், கணக்கும் காட்டாமல், "அதெல்லாம் எதுக்குங்க, நம்பிக்கைதானே" என்று பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இலக்குத் தொகை பற்றி. நாற்பது பேர் என்றால் நாற்பது கவர் வரும் என்று கணக்குப் போட வேண்டாம். கொடுப்பது குடும்பத்துக்கு ஒன்றுதான். நாற்பது பேர் என்பது ஏறக்குறைய பதினைந்து குடும்பம். ஒருவர் ஐந்நூறு கொடுப்பார், ஒருவர் ஐயாயிரம் கொடுப்பார். சராசரி இரண்டாயிரம் என்று வைத்தால் முப்பதாயிரம் வரும். ஆயாவுக்கு மாதம் பத்தாயிரம் என்றால் மூன்று மாதச் சம்பளம். எட்டக்கூடிய இலக்காகச் சொன்னால் கொடுப்பவருக்குத் தன் ஐந்நூறு எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரியும். "இல்லத்தின் வளர்ச்சிக்கு" என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் எதுவும் பிடிபடாது. தேதியையும் கொஞ்சம் நகர்த்தலாம். திருமண நாள் இருபத்தைந்தாம் தேதி என்றால், விருந்தைச் சம்பளம் வந்த பிறகு அடுத்த மாதம் முதல் ஞாயிறு மாலை வையுங்கள். மாதக் கடைசியில் கொடுக்க மனமிருந்தும் கை கட்டிப்போட்டிருக்கும்.

சாப்பாட்டுச் செலவு முழுக்க உங்களுடையது. இதில் நான் பிடிவாதக்காரன். வந்த பணத்தில் சாப்பாட்டுச் செலவைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது. கொடுத்தவர் மனதில் அந்தப் பணம் முழுவதும் ஆயாவுக்குப் போகிறது, பிரியாணிக்கு அல்ல. கையைக் கடிக்கும் என்றால் சமையலைச் சுருக்குங்கள். இட்லி, கிச்சடி, இரண்டு சட்னி, ஒரு இனிப்பு, காபி போதும். பிரியாணிதான் வேண்டும் என்றால் ஒரு கிலோ அரிசி எட்டு முதல் பத்துப் பேருக்கு வரும். நாற்பது பேருக்கு நாலரைக் கிலோ போதும். அக்கம்பக்கத்து வீடுகளில் ஆளுக்கு ஒரு பதார்த்தம் செய்து கொண்டுவர முன்வந்தால் சந்தோஷமாகச் சரி என்று சொல்லுங்கள். அவர்கள் பங்கும் அதில் சேர்கிறது.

இனி பணம் வாங்கும் விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

எல்லாரும் செய்வது என்ன? வீட்டுக்காரரின் ஜிபே எண்ணைக் குழுவில் போட்டு, "இதற்கு அனுப்பிவிடுங்கள், மொத்தமாகச் சேர்த்து இல்லத்துக்குக் கொடுத்துவிடுகிறோம்" என்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக உங்கள் கணக்கில் வந்தால் அது முழுவதும் உங்கள் வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படும். கல்யாணத்தில் வரும் மொய்க்கு இதில் விலக்கு உண்டு. திருமண நாளுக்குக் கிடையாது. நீங்கள் இல்லத்துக்காக வாங்கியதுதான் என்று பிறகு காட்டி விளக்கலாம். ஆனால் அந்த விளக்கம் சொல்லும் நிலைமைக்கு ஏன் போக வேண்டும்? இன்னொன்று, நீங்கள் மொத்தமாக மாற்றும்போது ரசீது உங்கள் பெயரில் ஒன்றுதான் வரும். கொடுத்த பதினைந்து குடும்பத்துக்கும் ரசீது இருக்காது. சேர்ந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று யாரும் உங்களிடம் கேட்கப் போவதில்லை. கேட்காமலே ஒருவர் மனதில் சந்தேகம் விழுந்தால், அதைத் துடைக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

அதனால் இல்லத்தின் பொருளாளரையோ பொறுப்பாளரையோ ரசீதுப் புத்தகத்தோடு விருந்துக்கு அழைத்து விடுங்கள். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை, இரண்டு நாற்காலி. அவருக்குப் பக்கத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் கையெழுத்து நன்றாக இருக்கும் ஒருவரை மொய் நோட்டோடு உட்கார வையுங்கள். மேசை மேல் இல்லத்தின் வங்கிக் கணக்குக்கான கியூஆர் அட்டை. அந்த அட்டையை முந்தின நாளே உங்கள் போனில் ஸ்கேன் செய்து ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். திரையில் அறக்கட்டளையின் பெயர் வர வேண்டும். நிறுவனரின் சொந்தப் பெயரோ அவர் மகன் பெயரோ வந்தால், அதைப் பயன்படுத்த வேண்டாம்; அறக்கட்டளைப் பெயரில் உள்ள கணக்கு எண்ணை எழுதி வையுங்கள். சின்ன இல்லங்களில் இது அடிக்கடி நடக்கிறது. கெட்ட எண்ணம் என்றில்லை, யாரோ அவசரத்துக்கு எடுத்துக்கொடுத்த அட்டை அப்படியே தங்கிவிடுகிறது. நீங்கள் சுட்டிக்காட்டினால் அவர்களுக்கும் நல்லது.

நோட்டில் என்ன எழுத வேண்டும்? நம் மொய் நோட்டுக்காரர்கள் காலங்காலமாக எழுதுவதுதான்: ஊர், பெயர், தொகை. இதோடு முழு முகவரி, போன் எண், வரிச் சலுகை கேட்பவர் என்றால் பான் எண். பெயரும் முகவரியும் பதியாமல் அறக்கட்டளைக்கு வரும் பணத்தை வருமான வரிச் சட்டம் பெயரில்லா நன்கொடை என்கிறது. மொத்த நன்கொடையில் ஐந்து சதவீதம் அல்லது ஒரு லட்சம் ரூபாய், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு இல்லம் 30 சதவீதம் வரி கட்ட வேண்டும். உங்கள் ஒரு விருந்தால் அந்த எல்லை தாண்டிவிடாது. ஆனால் வருஷம் முழுக்க ஆளாளுக்கு உண்டியலைக் குலுக்கிக் கொண்டுவந்து கொட்டினால் தாண்டும். அப்போது பெரியவர்களின் மருந்துக்கு வந்த காசில் வரி கட்ட வேண்டியதாகிவிடும்.

ஆனால் ஒன்று. நோட்டில் எழுதுவது வேறு, மைக்கில் வாசிப்பது வேறு. "இன்னார் பத்தாயிரம்" என்று கூவினால், ஐந்நூறு ரூபாய்க் கவரோடு வந்தவர் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிடுவார். எழுதும் மேசை சாப்பாட்டு இடத்திலிருந்து தள்ளி இருக்கட்டும். தொகை எழுதுபவருக்கும் கொடுப்பவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். உங்களுக்கே கூட யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று தெரியாமல் இருப்பது உறவுக்கு நல்லது. நோட்டு அன்று இரவே இல்லத்தாரோடு போய்விடட்டும். ரொக்கத்தை மட்டும் அவர் கிளம்பும் முன் அவரும் உங்கள் வீட்டார் ஒருவரும் சேர்ந்து எண்ணி, நோட்டின் கடைசிப் பக்கத்தில் மொத்தத்தை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். மறுநாள் வங்கியில் கட்டிய சலானைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

வரிச் சலுகையைப் பெரிதாகப் பேசி ஆசை காட்ட வேண்டாம். பெரும்பாலான இல்லங்களுக்குக் கொடுக்கும் தொகையில் பாதிதான் கழிவாகக் கிடைக்கும், அதற்கும் வருமானத்தை ஒட்டிய உச்சவரம்பு உண்டு. ரொக்கமாக இரண்டாயிரத்துக்கு மேல் கொடுத்தால் கழிவே இல்லை. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. இன்று மாதச் சம்பளக்காரர்களில் பலர் அந்த முறையில்தான் இருக்கிறார்கள். பழைய முறையில் இருக்கும் ஒருவர் ஐயாயிரம் கொடுத்தால் இரண்டாயிரத்து ஐந்நூறுதான் வருமானத்திலிருந்து கழியும். 20 சதவீத வரிக்காரருக்கு மிச்சமாவது சுமார் ஐந்நூறு ரூபாய். கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். வேண்டுபவர்கள் இணையவழியில் கட்டி, பான் எண் கொடுத்துவிடட்டும். வெறும் ரசீது போதாது. நிதியாண்டு முடிந்ததும் இல்லம் வருமான வரித் துறைக்குக் கணக்குக் கொடுத்து, அதிலிருந்து நன்கொடைச் சான்றிதழை (10பிஇ என்று சொல்லி வந்தது) எடுத்துத் தர வேண்டும். அது மே மாதக் கடைசியில்தான் கைக்கு வரும் என்று முன்பே சொல்லிவிட்டால் ஏப்ரலிலேயே உங்களைத் துளைத்தெடுக்க மாட்டார்கள். வருமான வரிச் சட்டத்தைப் புதிதாக எழுதியதில் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. கணக்குப் பார்ப்பவர்கள் பேச்சு வழக்கில் இன்னும் 80ஜி என்றுதான் சொல்கிறோம்.

வெறுமனே கவர் வாங்குவதோடு நிற்காமல் கொஞ்சம் கலகலப்பாக ஏதாவது வேண்டும் என்றால் ஏலம் விடுங்கள். நெல்லை, கன்னியாகுமரி மாவட்டத் தேவாலயங்களில் அறுப்பின் பண்டிகை நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் காய்த்த வாழைத்தார், தேங்காய், கோழி, கையால் செய்த பலகாரம் என்று ஆளுக்கொன்று கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். கடையில் கேட்டால் யாரும் கொடுக்க மாட்டாத விலைக்கு ஒரு பூசணிக்காய் போகும், வாங்கியவர் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி இருக்கும். உங்கள் விருந்தில் மாமியார் போட்ட மாவடு ஊறுகாய், பேத்தி வரைந்த படம், எதிர்வீட்டு ஆசிரியை தரும் நாலு நாள் கணக்கு வகுப்பு என்று ஏழெட்டு இனம் போதும். அரை மணியில் முடித்துவிடலாம், பிள்ளைகள் விழுந்து விழுந்து ரசிப்பார்கள். கடைக்குப் போய்ப் பொருள் வாங்கி ஏலம் விட வேண்டாம். வீட்டில் செய்ததற்குத்தான் கேள்வி ஏறும்.

குலுக்கல் சீட்டு மட்டும் வேண்டாம். வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர்கள் டிக்கெட் விற்று அதிர்ஷ்டப் பரிசு வைக்கலாம் என்று யோசனை சொல்வார்கள். இங்கிலாந்தில் அது சர்வ சாதாரணம். தமிழ்நாட்டில் 2003இலிருந்து லாட்டரி விற்பனைக்குத் தடை இருக்கிறது. நாற்பது பேர் விருந்தில் யார் வந்து பிடிக்கப் போகிறார்கள் என்று தோன்றலாம். ஆனால் இல்லத்தின் பெயர் சம்பந்தப்பட்ட இடத்தில் அந்தப் பேச்சே வரக் கூடாது. கட்டணம் வாங்கித் தம்போலா (எண் கூப்பிட்டு ஆடும் சீட்டு விளையாட்டு) ஆடுவதையும் தவிர்த்துவிடுங்கள்.

விருந்தின் நடுவில் ஐந்து நிமிஷம் இல்லத்தைப் பற்றிப் பேச வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் பேசுங்கள். சாப்பிட்ட பிறகு யாரும் நிற்க மாட்டார்கள். நீங்கள் பேசுவதை விட இல்லத்துப் பொறுப்பாளர் பேசினால் நல்லது. அதை விட அந்த இரவு ஆயாவே வர ஒப்புக்கொண்டால், தன் ஒரு நாள் வேலையை அவர் சொன்னால், அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவைப்படாது. அவருக்கு விருப்பம் இருந்தால் மட்டும்தான். மேடையேற்றி நிறுத்திவைக்கக் கூடாது.

இல்லத்துப் பெரியவர்களை அழைத்துவந்து காட்டுவதைப் பற்றிச் சிலர் கேட்பதுண்டு. விருந்தாளியாக அழைப்பதென்றால் மகிழ்ச்சி. அவர்களும் உட்கார்ந்து சாப்பிடட்டும், பாட்டுப் பாடட்டும். நன்கொடைக்காக வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுப்பதென்றால் கூடாது. தாசில்தாராக இருந்தவரும், தலைமையாசிரியராக இருந்தவரும் அங்கே இருக்கிறார்கள். தான் அங்கே இருப்பது சொந்த ஊரில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். குழந்தைகள் இல்லமாக இருந்தால் பேச்சே இல்லை. அந்தப் பிள்ளைகளின் முகமோ பெயரோ வெளியாவதைச் சட்டமே தடுக்கிறது. ஆயிரம் ரூபாய்க்காக ஒரு பிள்ளையின் முகத்தை நாற்பது போன்களில் ஏற்றிவிடாதீர்கள்.

மீந்த சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. விருந்து முடிந்ததும் பத்து மணிக்கு அண்டாவோடு இல்லத்துக்குக் கொண்டுபோகும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். 2022 அக்டோபரில் திருப்பூர் அருகே ஒரு காப்பகத்தில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் மூன்று சிறுவர்கள் இறந்துபோனார்கள். வயதானவர்களின் உடம்பும் அப்படித்தான், ஒரு வாந்தி பேதி போதும். இல்லத்துக்குச் சாப்பாடு கொடுக்க ஆசையென்றால் அவர்களிடம் நாள் கேட்டு, அவர்கள் சமையலறையிலேயே செய்யப் பணம் கட்டுங்கள். மீந்ததைக் காவலாளி, வீட்டு வேலைக்கு வருபவர்கள், சாப்பிட வந்தவர்கள் என்று சூடு ஆறுவதற்குள் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

வெளிநாட்டு உறவினர்கள் விஷயத்தில் கொஞ்சம் ஜாக்கிரதை. அமெரிக்காவில் இருக்கும் தம்பி நானும் தருகிறேன் என்பார். அவர் இன்னும் இந்தியக் குடிமகன் என்றால், அவருடைய இந்திய வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பலாம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர் என்றால், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் அவர் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க இல்லத்துக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இருக்க வேண்டும், அதுவும் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். சின்ன இல்லங்கள் பலவற்றுக்கு இந்தப் பதிவு இருக்காது. மேசை மேல் இருக்கும் கியூஆரில் அவருக்காக இன்னொருவர் கட்டிவிட்டு அவரிடம் வாங்கிக்கொள்வது குறுக்கு வழி. அந்த வழியைக் காட்டி இல்லத்தை மாட்டிவிட வேண்டாம்.

விருந்து முடிந்த வாரமே குழுவில் கணக்கைப் போடுங்கள். தனித்தனிப் பெயரும் தொகையும் வேண்டாம். மொத்தம் வந்தது இவ்வளவு, அதில் இணையவழி இவ்வளவு, ரொக்கம் இவ்வளவு, சலான் இதோ, போதும். பிறகு மூன்று மாதம் கழித்து, ஆயாவுக்குச் சம்பளம் கொடுத்த பதிவேட்டுப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, கொடுத்தாகிவிட்டது என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டாவது செய்தியை அனேகமாக யாரும் அனுப்புவதில்லை. எனக்குத் தெரிந்து அடுத்த முறை தாமாகவே கொடுக்க முன்வந்தவர்கள் எல்லாம் அந்தச் செய்தியைப் பார்த்தவர்கள்தான்.

அந்தச் சமயத்தில் இன்னொன்றும் கேட்டுப் பார்க்கலாம். காஞ்சிப் பெரியவர் பிடி அரிசித் திட்டம் என்று ஒன்று சொல்லிவைத்தார். தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துப் பிறருக்குக் கொடுப்பது. அந்த முறையில், உங்கள் பதினைந்து குடும்பத்தில் பத்துக் குடும்பம் மாதம் ஆயிரம் ரூபாய் என்று இல்லத்தின் கணக்குக்கு நேரடியாகப் போகும்படி வங்கியில் சொல்லிவைத்துவிட்டால், மூன்று மாதம் என்று ஆரம்பித்த ஆயா சம்பளம் வருஷம் முழுக்க நடக்கும். ஆயிரம் முடியாதவர்கள் இருநூறு போடட்டும். முதல் விருந்திலேயே இதைக் கேட்டால் பயந்துவிடுவார்கள். மூன்று மாதக் கணக்கைக் காட்டிவிட்டுக் கேளுங்கள்.